படகு செய்த கை துடுப்புப் பிடிக்கக் கூடாதாம்!

2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியபோது, நாங்கள் வேலை செய்யும் காலனியில் ஓர் அம்மா எங்களிடம் கேட்டார்: "தம்பி, எங்க அப்பா செருப்பு தச்சாரு. எங்க வீட்டுக்காரரும் தச்சாரு. பையன் ஐ.டி.ஐ.யில எலெக்ட்ரீசியன் படிச்சிருக்கான். இந்தக் கடனை வாங்கணும்னா அவன் மறுபடியும் தோலுக்கு முன்னாடி உட்காரணுமா?"

எங்களிடம் உடனே சொல்ல நல்ல பதில் இல்லை. அந்தத் திட்டம் 18 தொழில்களைப் பட்டியலிடுகிறது. தச்சர், கொல்லர், குயவர், முடிதிருத்துவோர், சலவைத் தொழிலாளர், செருப்புத் தைப்போர் என்று நீளும் அந்தப் பட்டியலில் படகு செய்வோரும் உண்டு. இரண்டு தவணைகளில் மூன்று லட்சம் ரூபாய் வரை கடன், 5 சதவீத வட்டி. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் 'குடும்ப அடிப்படையிலான பாரம்பரியத் தொழில்' என்ற சொற்கள் அதில் இருக்கின்றன. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தில், கிராமத்துப் பிள்ளைகள் அரை நாள் பள்ளிக்கும் மீதி நாள் அப்பனின் தொழிலுக்கும் போக வேண்டும் என்றார்கள். அதைக் குலக்கல்வி என்று சரியாகவே பெயர் சொல்லி எதிர்த்து, 1954இல் காமராசர் ஆட்சியில் ஒழித்துக்கட்டிய மண் இது. அந்த நினைவு இருப்பதால்தான் 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு, இப்போதைய வடிவில் விஸ்வகர்மா திட்டத்தைச் செயல்படுத்த முடியாது என்று எழுதியது.

"குடும்பத் தொழிலில் என்ன கேவலம்? வெளிநாட்டில் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்களே, அவர்களுக்கு எவ்வளவு மரியாதை!" என்று நம்மிடம் கேட்பவர்கள் உண்டு. சரி, வெளிநாட்டுக்கே போய்ப் பார்ப்போம். அந்தப் பட்டியலில் உள்ள ஒரு தொழிலையே எடுத்துக்கொள்வோம்: ஆற்றுப் படகு கட்டுவது. இங்கிலாந்தில் அந்தத் தொழிலில் பெரும் புகழ் பெற்ற ஒரு குடும்பத்தின் வரலாறு, மரியாதை என்றால் என்ன என்பதை நமக்குத் தெளிவாகவே சொல்கிறது.

நிலக்கரி ஆற்றங்கரையில்

இங்கிலாந்தின் வடகிழக்கில் ஓடுகிறது டைன் ஆறு. கரையில் நியூகாசில் நகரம். சுற்றிலும் நிலக்கரிச் சுரங்கங்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த ஆறு முழுக்கப் படகுகள்தான். சுரங்கத்திலிருந்து வந்த கரியைப் பெரிய கப்பல்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த படகுகள், சரக்குப் படகுகள், ஆள் ஏற்றும் படகுகள். அவற்றை ஓட்டியவர்கள் எல்லோரும் கூலிக்காரர்கள்.

அங்கே டன்ஸ்டன் என்ற ஊரில் 1812இல் பிறந்தவர் ஹாரி கிளாஸ்பர். சிறு வயதில் ஜாரோ என்ற ஊரின் சுரங்கத்தில் இறங்கினார். அது பிடிக்காமல் வெளியே வந்து கப்பல் தச்சரிடம் தொழில் கற்றார். பிறகு கரியைச் சுட்டுக் கோக் ஆக்கும் சூளையில் வேலை. பிறகு சரக்குப் படகு ஓட்டினார். வேலை முடிந்த மாலைகளில் சகோதரர்களோடு பந்தயப் படகு வலித்தார். அந்தக் காலத்தில் அது பணம் கட்டி நடத்தும் பந்தயம். டைன் ஆற்றுக்காரர்களும் லண்டனின் தேம்ஸ் ஆற்றுக்காரர்களும் மோதினால் இரு கரையிலும் ஆயிரக்கணக்கில் மக்கள் கூடுவார்கள்.

1842இல் லண்டன் அணி ஒன்று டைன் ஆற்றுக்கே வந்து கிளாஸ்பர் சகோதரர்களைத் தோற்கடித்துவிட்டுப் போனது. ஹாரி அந்தத் தோல்வியைத் தச்சனின் கண்ணால் பார்த்தார். எதிரிகளின் தோள்வலிமை மட்டும் காரணமில்லை, படகும் காரணம் என்று அவருக்குப் புரிந்தது. தங்கள் படகு கனமானது. எதிரிகளின் படகு இலகுவானது. அன்றிலிருந்து அவர் தானே படகு கட்டத் தொடங்கினார்.

ஒரு தச்சன் மாற்றியது

அதுவரை பந்தயப் படகும் ஏறக்குறைய சாதாரணப் படகு போலத்தான் இருந்தது. துடுப்பைத் தாங்கும் கொண்டி படகின் விளிம்பிலேயே இருக்கும். துடுப்பு நெம்புகோல் மாதிரி வேலை செய்கிறது. கொண்டி உட்காருபவரிடமிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நீளமான துடுப்பை வசதியாக வலிக்கலாம். கொண்டி விளிம்பில்தான் இருக்க வேண்டும் என்றால், அதைத் தள்ளி வைக்கப் படகையே அகலமாகக் கட்ட வேண்டும். அகலமாகக் கட்டினால் தண்ணீர் படகை இழுத்துப் பிடிக்கும், வேகம் போய்விடும்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர்கள் டைன் ஆற்றுத் தொழிலாளிகள். படகின் பக்கவாட்டில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தாங்கியைப் பொருத்தி, அதன் நுனியில் கொண்டியை வைத்தார்கள். 1828இல் நியூகாசிலின் ஆன்டனி பிரவுன் மரத்தாங்கி வைத்துப் பார்த்தார். 1830இல் ஃபிராங்க் எம்மெட் இரும்பில் செய்து பார்த்தார். கிளாஸ்பர் அதை முழுமையாக்கினார். தாங்கி வெளியே போனதும் படகை ஒடுக்கமாகக் கட்ட முடிந்தது. பலகை மேல் பலகை ஏறி நிற்கும் பழைய முறையை விட்டு, வெளிப்புறத்தை வழவழப்பாக்கினார். வெளியே துருத்திக்கொண்டிருந்த அடிக்கட்டையைப் படகின் உள்ளே கொண்டுபோனார். தண்ணீர் பிடித்து இழுக்க எதுவும் மிச்சமில்லாமல் செய்தார்.

1845இல் ஹாரி, அவருடைய சகோதரர்கள், மாமன் ஒருவர் என்று ஒரே குடும்பமாக லண்டன் போனார்கள். தாங்களே கட்டிய படகில் ஏறி, தேம்ஸ் ஆற்றிலேயே லண்டன்காரர்களை வென்று திரும்பினார்கள். அடுத்த ஆண்டு, 1846இல், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான புகழ்பெற்ற படகுப் போட்டியில் இரண்டு அணிகளும் பக்கவாட்டுத் தாங்கி வைத்த படகில்தான் வந்தன. 1857இல் ஆக்ஸ்போர்டு மாணவர்கள் அடிக்கட்டை இல்லாத படகில் வென்றார்கள். அதைக் கட்டியவர் மேட் டெய்லர். அவரும் நியூகாசிலின் கப்பல் தச்சர்தான். கரி படிந்த ஆற்றில் கூலிக்காரர்கள் கண்டுபிடித்தது பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பிரபு வீட்டுப் பிள்ளைகளின் சொத்தாகிவிட்டது.

டைன் மக்களுக்குக் கிளாஸ்பர் யார் என்று தெரியும். அவர்கள் இன்றும் பாடும் 'பிளேடன் ரேசஸ்' பாட்டு 1862இல் முதலில் மேடையேறியது, அவருக்காக நடத்தப்பட்ட நிகழ்ச்சியில்தான். 1870 ஜூலையில் அவர் இறந்தபோது, உழைக்கும் மக்கள் வர வசதியாக ஞாயிற்றுக்கிழமையில் இறுதி ஊர்வலம் வைத்தார்கள். கூட்டம் ஒரு லட்சத்துக்கும் மேல் என்று அன்று மதிப்பிட்டார்கள். அவர் உடலை நீராவிப் படகில் ஏற்றி, அவர் வலித்த அதே ஆற்றின் வழியாகக் கொண்டுபோய் விக்கம் என்ற ஊரில் அடக்கம் செய்தார்கள். சுரங்கத்தில் இறங்கிய ஒரு மனிதனின் கல்லறையில் இன்று முழு உருவச் சிலை நிற்கிறது.

ஹாரியின் மகன் ஜான் ஹாக்ஸ் கிளாஸ்பர் தந்தையின் தொழிலைத் தெற்கே லண்டனுக்குக் கொண்டுபோனார். தேம்ஸ் கரையில் வாண்ட்ஸ்வொர்த்திலும் பிறகு பட்னியிலும் படகுப் பட்டறை வைத்தார். ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் கிளாஸ்பர் கட்டிய படகுகளில் மோதின. ஒரு குடும்பத் தொழிலுக்கு இதைவிட என்ன வெற்றி வேண்டும்?

இந்த இடத்தோடு கதை முடிந்திருந்தால், நாங்கள் இதை எழுதியிருக்க மாட்டோம்.

எழுதி வைத்த தீண்டாமை

1877இல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் போட்டி சமநிலையில் முடிந்தது. அந்தப் போட்டியின் வரலாற்றில் சமநிலை அந்த ஒரு முறைதான். முடிவைச் சொன்ன நடுவர் ஜான் ஃபெல்ப்ஸ். அவர் தேம்ஸ் ஆற்றுப் படகோட்டி. பட்னியில் தலைமுறைகளாகப் படகே வாழ்க்கையாக இருந்த குடும்பம். எல்லைக்கோட்டைக் காட்டக் கம்பம்கூட ஒழுங்காக இல்லாத இடத்தில், இரண்டு படகும் சேர்ந்தே வந்ததாக அவர் கண்ணுக்குப் பட்டது. அதைச் சொன்னார். உடனே கதை கட்டினார்கள். கிழவன் குடித்துவிட்டுப் புதருக்கடியில் தூங்கிவிட்டான் என்றார்கள். அந்தக் கதையை இன்றும் வேடிக்கையாகச் சொல்கிறார்கள். அடுத்த ஆண்டிலிருந்து நடுவர் வேலை ஆற்றுக்காரர்களின் கையை விட்டுப் போனது. தொழிலாளி தவறு செய்தான் என்றால் கண் பிசகியது என்று சொல்ல மாட்டார்கள், குடிகாரன் என்பார்கள். இது நமக்குப் புதிதா என்ன?

1878 ஏப்ரலில், அதே பட்னியில், கனவான்களின் படகுக் கழகத்தினர் கூடினார்கள். 'அமெச்சூர்' படகோட்டி யார் என்று வரையறுத்தார்கள். ராணுவ, கடற்படை அதிகாரிகள், அரசுப் பணியாளர்கள், வக்கீல், மருத்துவர் போன்ற தொழில்களில் உள்ளவர்கள், பல்கலைக்கழகத்தாரும் பெரிய பள்ளிகளில் படித்தவர்களும், அவர்களைப் போன்றவர்கள் உள்ள கழகத்தினர் தகுதி உடையவர்கள். உடலுழைப்பாளர்கள் தகுதி இல்லாதவர்கள். 1879இல் ஹென்லி படகுப் போட்டியின் நிர்வாகிகள் தங்கள் விதியை அச்சிட்டார்கள். ஹென்லி என்பது 1839 முதல் தேம்ஸில் நடக்கும், அரச குடும்பத்தின் ஆதரவு பெற்ற போட்டி. அந்த விதியின் சாரம் இது: பணத்துக்காகப் போட்டியிட்டவர் வரக்கூடாது. கூலிக்குப் படகு வேலை செய்தவர் வரக்கூடாது. கூலிக்கு வேலை செய்யும் தொழிலாளியாகவோ கைவினைஞராகவோ இருப்பவரும், எப்போதாவது இருந்தவரும் வரக்கூடாது. 1882இல் உருவான அமெச்சூர் படகோட்டிகள் சங்கம் இதே பாதையில் போய், ஏவல் வேலை செய்தவர்களையும் சில ஆண்டுகளில் சேர்த்துத் தள்ளி வைத்தது.

கிளாஸ்பர் கட்டிய படகு ஹென்லியில் முதலில் வரலாம். கிளாஸ்பர் வரக்கூடாது. அதுதான் அந்த விதி.

'எப்போதாவது இருந்தவரும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். பணத்துக்குப் பந்தயம் ஓடாத ஒரு தச்சன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். உளியைக் கீழே வைத்துவிட்டு இருபது ஆண்டுகள் ஆகியிருக்கலாம். கடை வைத்துப் பணக்காரன் ஆகியிருக்கலாம். ஆனாலும் அவன் கையில் உளி பட்டது பட்டதுதான். ஒருமுறை ஒட்டியது போகாது. இதற்கு நம் மொழியில் ஒரு சொல் இருக்கிறது: தீட்டு.

ஏன் இப்படி என்று கேட்டவர்களுக்கு அவர்கள் ஒரு நியாயம் வைத்திருந்தார்கள். உடலுழைப்புச் செய்பவனின் உடம்பு நாள் முழுக்க இறுகுகிறது. மேசையில் உட்கார்ந்து வேலை செய்பவன் அவனோடு எப்படிப் போட்டியிட முடியும்? இதைக் கேட்டால் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் நாள் முழுக்கப் பயிற்சி செய்ய நேரமும், நல்ல சாப்பாடும், பயிற்சியாளரும் உள்ள மாணவனை விட, பன்னிரண்டு மணி நேரம் மூட்டை தூக்கிவிட்டு இருட்டில் படகில் ஏறுபவனுக்குத்தான் வசதி அதிகம் என்று யார் நம்புவார்கள்? பணப் பந்தயத்தில் சூதும் மோசடியும் இருந்தது உண்மை. பணத்துக்குப் பந்தயம் ஓடியவர்களை மட்டும் விலக்கியிருந்தால் அதற்கு ஒரு பொருள் இருந்திருக்கும். கொத்தனாரை எதற்கு விலக்க வேண்டும்? டைன் ஆற்றுக் கூலிக்காரர்கள் வந்தால் தோற்றுவிடுவோம் என்ற பயம். தோற்காவிட்டாலும் அவர்களோடு ஒரே தண்ணீரில் நிற்க வேண்டுமே என்ற அருவருப்பு. காரணம் அதுதான் என்று நாங்கள் கருதுகிறோம்.

எல்லா கனவான்களும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. அறிஞர் ஃபர்னிவால் போன்றவர்கள் முன்னின்று, தொழிலாளர்களும் வலிக்கக்கூடிய தேசிய அமெச்சூர் படகோட்டிகள் சங்கத்தை 1890இல் தொடங்கினார்கள். இரண்டு சங்கங்கள், இரண்டு வரிசைகள். இரட்டைக் குவளையை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கொத்தனாரும் போலீஸ்காரர்களும்

1920இல் அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவிலிருந்து ஜான் கெல்லி என்பவர் ஹென்லியின் ஒற்றையர் போட்டிக்கு விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். அவருடைய கழகத்தின் மேல் ஹென்லிக்குப் பழைய தகராறு ஒன்று இருந்தது. அதோடு இன்னொரு காரணமும் இருந்தது: அவர் கொத்தனார் வேலை செய்தவர். அதே ஆண்டு ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் கெல்லி ஒற்றையர் தங்கம் வென்றார். இறுதிப் போட்டியில் அவரிடம் தோற்றவர் ஜாக் பெரெஸ்ஃபோர்டு. அந்த ஆண்டு ஹென்லியில் பட்டம் வென்றவர் அவர்தான். யாரை வெளியே நிறுத்தி அந்தப் பட்டத்தைக் கொடுத்தார்கள் என்பது உலகத்துக்குத் தெரிந்துபோனது.

1936இல் பெர்லின் ஒலிம்பிக்குக்குப் போகும் வழியில் ஆஸ்திரேலிய அணி ஹென்லிக்கு வந்தது. எட்டுப் பேரும் சிட்னி போலீஸ்காரர்கள். போலீஸ் வேலை உடலுழைப்பு என்று சொல்லி அவர்களையும் பெரும் பரிசுப் போட்டியில் சேர்க்க மறுத்தார்கள். ஊர் சிரித்தது. 1937இல்தான் உடலுழைப்பாளர் விலக்கு விதி நீங்கியது. இரண்டு சங்கங்களும் ஒன்றாக இணைய 1956 வரை ஆனது.

தானாக மனம் இளகி அவர்கள் மாறவில்லை. வெளியே நிறுத்தப்பட்டவர்கள் தனிச் சங்கம் கட்டினார்கள். வெளியே போய் வென்று காட்டினார்கள். கடைசியில் விதியை வைத்திருப்பதே அவமானம் என்ற நிலைக்குக் கொண்டுவந்தார்கள்.

வர்க்கமா, சாதியா?

அப்படியானால் இங்கிலாந்திலும் சாதி இருந்ததா? இல்லை. ஒப்பிடும்போது வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும்.

ஹாரி கிளாஸ்பர் சுரங்கத்தில் இறங்கினார்; பிடிக்கவில்லை, ஏறினார். தச்சு கற்றார், சூளைக்குப் போனார், படகு ஓட்டினார், படகு கட்டினார். நீ சுரங்கத்தில் பிறந்தவன், உளியைத் தொடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. படகு கட்டுவது அவருடைய குலத்தொழில் அல்ல. அவர் தேடிப் போய்ப் பிடித்த தொழில். அதனால்தான் அது அவருக்கு ஏணி ஆனது. ஹென்லி விதி ஒரு மனிதனின் கையோடு ஒட்டியது. அவன் பிள்ளையின் ரத்தத்தோடு ஒட்டவில்லை. கொத்தனார் கெல்லியை மறுத்த அதே ஹென்லியில் அவருடைய மகன் 1947இலும் 1949இலும் அதே ஒற்றையர் பட்டத்தை வென்றார்.

இங்கே? செருப்புத் தைத்தவரின் பேரன் மாவட்ட அதிகாரியாக வந்தாலும் அவருடைய தாத்தா என்ன செய்தார் என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். அதே தோலைக் கப்பல் கப்பலாக ஏற்றுமதி செய்யும் முதலாளிக்குத் தோலின் தீட்டு ஒட்டுவதில்லை. ஹென்லி விதி 58 ஆண்டுகள் இருந்தது. நம்முடைய விதியின் வயதை எண்ணவே முடியாது. ஆஸ்திரேலியப் போலீஸ்காரர்களை ஹென்லி திருப்பி அனுப்பிய அதே 1936இல்தான் அண்ணல் அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலை வெளியிட்டார். சாதி வேலையை மட்டும் பங்கு போடவில்லை, வேலை செய்பவர்களையே படிநிலையாகப் பிரித்து அடைக்கிறது என்று அதில் அவர் நிறுவினார். தொழிலைப் பிறப்போடு கட்டிவிட்டால், விருப்பத்துக்கும் திறமைக்கும் அங்கே இடமில்லை என்றார்.

ஆனால் இரண்டு ஊருக்கும் பொதுவான ஒன்று இருக்கிறது. இரண்டு இடத்திலும் வேலையைப் புகழ்ந்தார்கள்; வேலை செய்தவனை வெளியே நிறுத்தினார்கள். கிளாஸ்பரின் படகு அழகு என்றார்கள். கிளாஸ்பர் வாசலில் நிற்கட்டும் என்றார்கள். நம் ஊரில் பறையை மேடையேற்றிக் கலை என்று கைதட்டுகிறார்கள். அதே பறையை ஊரில் சாவுக்கு அடிக்க மாட்டேன் என்று ஒரு இளைஞன் சொன்னால் என்ன நடக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். புகழ்வதற்குச் செலவில்லை. கதவைத் திறப்பதற்குத்தான் மனம் வருவதில்லை.

ஆகவே 'பாரம்பரியக் கைவினைஞர்களைப் போற்றுவோம்' என்று யாராவது சொல்லும்போது இரண்டு கேள்விகள் கேட்போம். அந்தத் தொழிலை வேறு யார் வேண்டுமானாலும் செய்யலாமா? அந்தத் தொழிலைச் செய்பவர், வேண்டாம் என்றால் விட்டுவிட்டுப் போகலாமா? இரண்டுக்கும் 'ஆம்' என்று பதில் வந்தால் அது தொழில். 'இல்லை' என்று வந்தால் அதன் பெயர் வேறு.

படகு கட்டுவதில் கேவலம் இல்லை. செருப்புத் தைப்பதிலும் இல்லை. விரும்பிச் செய்பவருக்குக் கடன் கொடுங்கள், கருவி கொடுங்கள், சந்தை கொடுங்கள். அப்பன் யார் என்று மட்டும் கேட்காதீர்கள்.

அந்த அம்மாவுக்கு நாங்கள் பிறகு சொன்ன பதில் இதுதான்: "உட்கார வேண்டாம்மா. அவன் எலெக்ட்ரீசியனாகவே கடன் கேட்கட்டும். அதற்கு எங்கெங்கே மனுப் போட வேண்டுமோ, நாங்கள் கூட வருகிறோம்."